திங்கட்கிழமை ஆறரை மணி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் மாசாணம் அண்ணன் அவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தேவதாஸ் ஐயா அவர்களே, அம்மா அவர்களே, எங்கள் கல்லூரியின் ஆசிரியர்களே, தம்பி தங்கைகளான மருத்துவ மாணவர்களே, வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளை ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் மில் தொழிலாளர்களே, லைன் வீட்டுத் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

டாக்டர் ஜெபமணி தேவதாஸ் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகள் அவருடன் படித்தவள், பழகியவள் என்பதால் அழைத்திருக்கிறார்கள். நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. எங்கள் குழுவில் பேசுவது ஜெபமணி, எழுதுவது நான். அப்படித்தான் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அதனால் இதையும் எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். என் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மில் கேட்டில் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை. ஐந்து ஆண்டுகளில் அப்படி நடந்தது அது ஒரே ஒரு முறை. அதற்கு நான் உங்களிடமும் ஜெபமணியிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால், அந்தத் திங்கட்கிழமை எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள்.

இந்தப் பள்ளிக்கூட வளாகத்தைப் பாருங்கள். அதோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாம் வகுப்பு அறை. 1992 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில்தான் எங்கள் முதல் முகாமை நடத்தினோம். எங்களுக்கு இருபத்திரண்டு வயது. உலகத்தைச் சரிசெய்துவிடலாம் என்று மனதார நம்பிய வயது. எங்கள் குழுவுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தோம். அதில் உலகம் இருந்தது, நலவாழ்வு இருந்தது, சமூக நீதியும் இருந்தது. பேனர் எழுதியவர் எழுத்துக்கு இடம் போதவில்லை என்று உலகத்தைக் கொஞ்சம் சின்னதாக எழுதிவிட்டார். ஜெபமணி அதைப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அவர்களுக்கு நாங்கள் "ஊதற புள்ளைங்க".

ஏன் அந்தப் பெயர்? எங்களிடம் இரண்டு ஊதுகுழாய்கள் இருந்தன. நுரையீரலில் இருந்து காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டும் பிளாஸ்டிக் குழாய்கள். ஊதினால் ஒரு சின்ன முள் நகர்ந்து ஒரு எண்ணில் நிற்கும். அதைக்கூட ஜெபமணி இங்கிலாந்தில் இருந்த ஒரு மருத்துவ மாணவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதித்தான் வாங்கினார். பார்சலில் குழாயோடு அவர்கள் சாக்லேட்டும் வைத்திருந்தார்கள். வழியில் உருகி, குழாயில் ஒட்டி, கழுவி எடுக்க எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது.

மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி ஊதுங்கள் என்று ஜெபமணி தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வரிசையில் முன்னால் நின்ற காளிச்சாமி அண்ணன், புளோரூமில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர், அவர்தான் திருத்தினார்.

"மெழுகுவத்தியெல்லாம் உங்க சர்ச்சுலதானுங்க டாக்டரம்மா. நாங்க வெறகடுப்பு ஊதறவங்க."

அதிலிருந்து ஐந்து வருடமாக ஜெபமணி "அடுப்பு ஊதற மாதிரி ஊதுங்க" என்றுதான் சொன்னார். கேட்டில் நின்ற எல்லோருக்கும் அந்தக் குரல் காதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நாற்பத்தொரு பேர் ஊதினார்கள். எல்லோருமே நன்றாக ஊதினார்கள். எங்களுக்கு மகிழ்ச்சி. பஞ்சுப் பொதியை உடைத்து, அடித்து, தூசியைப் பிரித்தெடுக்கும் புளோரூமில் நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்கு இவ்வளவு நல்ல மூச்சா என்று வியந்தோம். வியப்போடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அழகான கையெழுத்தில் ஓர் அறிக்கை தயாரித்தோம். "பரிசோதிக்கப்பட்ட நாற்பத்தொரு தொழிலாளர்களில் எவருக்கும் பஞ்சுத் தூசியால் மூச்சுக் குறைபாடு காணப்படவில்லை." முகாமுக்கு இடமும் தேநீரும் ஏற்பாடு செய்துகொடுத்தது மில் நிர்வாகம். நன்றி சொல்லும் விதமாக அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். மில்லின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இங்கே இருக்கும் யாருக்கும் அது தேவையும் இல்லை.

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். அமைப்பாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டவர் ஜெபமணி. இதுவரை இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, பெண்கள் விடுதியின் கேட்டுக்கு யாரோ வந்திருப்பதாக வார்டன் அழைத்தார். கையில் ஒரு ஒயர் கூடையோடு காளிச்சாமி அண்ணனின் மனைவி சாமியாத்தாள் அக்கா நின்றுகொண்டிருந்தார். சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். கூடைக்குள் எங்கள் அறிக்கையின் நகல் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதோடு மில் ஆபீசிலிருந்து கொடுத்த குற்றச்சாட்டுக் கடிதம். வருடத்தில் பதினொரு திங்கட்கிழமைகள் காளிச்சாமி வேலைக்கு வரவில்லை. காரணம், விடுமுறை நாளில் குடித்துவிட்டு மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது. மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னது பொய். ஆதாரம், மருத்துவ மாணவர்களின் அறிக்கை. விசாரணை நடக்கும், அதன் பிறகு வேலையிலிருந்து நீக்கம்.

அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவர் பேசியதை நான் மாற்றிச் சொன்னால் திருத்தட்டும்.

"ஏனம்மணி, படிக்கற புள்ளைங்கதானுங்க நீங்க? எங்கூட்டுக்காரரு நல்லா இருக்கறாருன்னு எழுதிக் குடுத்துப்போட்டீங்களாமா. நல்லா இருக்கறவன் ஏன் வேலைக்கு வரலைன்னு ஆபீசுல கேக்கறாங்க. நீங்க வந்தது ஞாயித்துக்கெழமைங்க. அன்னைக்கு அல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. அவருக்கு நோவு வாறது திங்கக்கெழமை. லைன்ல சின்னக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லுமே கண்ணு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் தெரியுமா? பஞ்சுத் தூசி நோயைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி உண்டு. வார விடுமுறைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் வரும், நாள் போகப் போகக் குறையும், அடுத்த வாரம் மறுபடி வரும். தொடக்க நிலையின் அடையாளமே அதுதான். அதை நாங்கள் படித்திருந்தோம். தேர்வில் எழுதியும் இருந்தோம். முகாமுக்கு ஒரு மாதம் முன்னால், இரண்டு மார்க் கேள்வி. நானும் ஜெபமணியும் இரண்டுக்கு இரண்டு வாங்கியவர்கள். அப்படி எழுதிவிட்டு, முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். ஏன்? அன்றைக்குத்தான் எங்களுக்கு வகுப்பு இல்லை. தொழிலாளிக்கு எந்தக் கிழமை மூச்சு முட்டும் என்று நாங்கள் யோசிக்கவில்லை, எங்களுக்கு எந்தக் கிழமை லீவு என்று யோசித்தோம். இதைவிடப் பெரிய தவறை ஒரு மருத்துவ மாணவர் செய்ய முடியுமா?

ஜெபமணி விடுதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்காவையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தப்பு எங்களுதுங்கக்கா. நான் வந்து சொல்றேன்."

அறைக்கு வந்ததும் நான் அழுதேன். எழுதியது நான், நானே வந்து சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, வார்த்தை வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "கையெழுத்து என்னுது பிரியா, நீ அழுதா நோட்டு நனஞ்சுரும்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நினைத்துப் பாருங்கள், எத்தனை பேரால் அது முடியும்? தவறை ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் தவறையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அதை அவருக்கே நினைவுபடுத்தாமல் ஐந்து வருடம் பழகுகிறவர்கள் எத்தனை பேர்?

மறுநாளே மில்லுக்குப் போனோம். தொழிலாளர் நல அதிகாரி கோவிந்தராஜுலு சாரைப் பார்த்தோம். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஜெபமணி ஒரு கடிதம் கொடுத்தார். சார் கெட்ட மனிதர் அல்ல. எங்களுக்குக் காபி வரவழைத்தார். மில்லுக்கு எதிராக நிற்கிறோம் என்பதைவிட, நாங்கள் எங்களையே கெடுத்துக்கொள்கிறோம் என்றுதான் அவர் கவலைப்பட்டார்.

"தப்பா எழுதிப்போட்டோம்னு எழுத்துல குடுத்தா உங்க காலேஜுல என்னம்மா நெனப்பாங்க?"

"தப்பா எழுதிப்போட்டோம்னு நெனப்பாங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மில்லுக்குள் இனி அனுமதி இல்லை என்பதில் உறுதியாக இருந்தார். ஜெபமணி கேட்டுக்கு வெளியே நிற்கலாமா என்று கேட்டார். கேட்டுக்கு வெளியே இருப்பது ரோடு, அது தனக்குச் சொந்தமில்லை என்று சொல்லி, கோவிந்தராஜுலு சார் பைலை மூடினார். அந்த ஒரு வரியைத்தான் ஜெபமணி அனுமதிக் கடிதமாக எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் முதல் திங்கட்கிழமை வந்தது. ஏழு மணி ஷிப்ட். ஆறரைக்கு கேட்டுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் ஒரு பச்சை நோட்டு, இரண்டு குழாய்கள், ஒரு சட்டித் தண்ணீர், டெட்டால். உள்ளே போவதற்கு முன் ஒருமுறை ஊத வேண்டும், மூன்றரைக்கு வெளியே வந்ததும் மறுபடி ஊத வேண்டும். அன்று வந்தது காளிச்சாமி அண்ணன் ஒருவர் மட்டும். மற்றவர்கள் வாட்ச்மேனைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்க்காதது போல் போனார்கள். பயம் இருக்காதா? காலையில் அண்ணன் ஊதியது நானூற்று இருபது. சாயங்காலம் முந்நூற்று நாற்பது. அந்த முள் நின்ற இடத்தை ஜெபமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாயில் பீடியின் வாசனைகூட இல்லை.

இங்கே தலைமை ஏற்றிருக்கும் மாசாணம் அண்ணன் அன்றைக்கு டீக்கடையில் என்ன சொன்னார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது அண்ணா. "ஞாயித்துக்கெழமை வந்தப்ப கம்பெனி ஆளுங்க, திங்கக்கெழமை வந்தா நம்ம ஆளுங்களாமா? அடுத்த வாரம் எந்தப் பக்கமோ" என்று எங்களுக்குக் கேட்கும்படி டீ மாஸ்டரிடம் சொன்னார். ஜெபமணி எழுந்து போய் அவரிடம் ஒரு குழாயை நீட்டினார்.

"அண்ணா, மொதல்ல நீங்க ஊதுங்க. எந்தப் பக்கம்னு அப்பறம் பேசலாம்."

அவர் ஊதினார். சாயங்காலம் வந்து மறுபடியும் ஊதினார். அவருக்கும் குறைந்திருந்தது. பஞ்சைச் சீவும் கார்டிங்கில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு அது சிகரெட்டால் என்று நினைப்பு. இரண்டாவது திங்கட்கிழமை ஏழு பேர் வந்தார்கள். மூன்றாவது திங்கட்கிழமை பத்தொன்பது பேர். ஆறாவது திங்கட்கிழமை டீக்கடைக்காரர் எங்களுக்காக இன்னொரு பெஞ்ச் வாங்கிப் போட்டார்.

ஆறு திங்கட்கிழமைகள். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் இறுதியாண்டில் திங்கட்கிழமைதான் எங்கள் யூனிட் தலைவரின் பெரிய ரவுண்ட்ஸ். காலையும் போனது, மதிய வகுப்பும் போனது. நான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போனேன். ஜெபமணி ஒன்றைக்கூட விடவில்லை. வருகைப் பதிவு குறைந்து, எங்களோடு தேர்வு எழுத முடியாமல், ஆறு மாதம் கழித்து அடிஷனல் பேட்சில் எழுதினார். முதல் மூன்று இடங்களில் வர வேண்டியவர், தோற்றவர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுதினார். அந்தச் செய்தி கேட்டு தேவதாஸ் ஐயா விடுதிக்கு வந்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டு நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலை அளவிலிருந்து மாலை அளவைக் கழித்தீர்களா அல்லது சதவீதம் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். கழித்தோம் என்று சொன்னோம். சதவீதம் பார்க்கச் சொல்லி, விடுதித் திண்டில் உட்கார்ந்து அறுபத்து மூன்று பேருக்கும் அவரே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஐயா, அந்தத் தாள் இன்னும் அந்தப் பச்சை நோட்டுக்குள் இருக்கிறது.

விசாரணை நாளில் அந்தத் தாளோடு ஜெபமணி சாட்சி சொன்னார். அறுபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேருக்குத் திங்கட்கிழமை மாலையில் மூச்சு குறைகிறது. காளிச்சாமி அவர்களில் ஒருவர். விசாரணை அதிகாரி அந்தப் பழைய அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். அப்படியானால் இது பொய்யா என்று கேட்டார். நான் வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். ஜெபமணி சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பொய் இல்லீங்க சார். ஞாயித்துக்கெழமைக்கு அது சரி. ஆனா இவரு ஞாயித்துக்கெழமை உங்க மில்லுல வேலை செய்யலீங்களே."

ஐந்து வருடங்களில் எத்தனையோ பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் ஒரு அநியாயத்தை உடைத்து நான் பார்த்ததில்லை.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. காளிச்சாமி அண்ணனைத் தூசி இல்லாத, நூல் கோன்களைப் பெட்டியில் அடுக்கும் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். இன்னும் ஏதாவது வேண்டுமா என்று அவரைக் கேட்டபோது, அந்தக் கடிதத்தில் இருக்கும் குடித்துவிட்டு என்ற சொல்லை அடித்துத் தரச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. கோவிந்தராஜுலு சாரே தன் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். அந்தக் கடிதம் இன்று வரை காளிச்சாமி அண்ணன் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

வேலை அத்தோடு முடிந்ததா? முடிந்திருந்தால் நாம் இன்றைக்கு ஒரு நல்ல மாணவியை மட்டும் நினைவுகூர்ந்துகொண்டிருப்போம். மீதி இருபத்தோரு பேர் எங்கே போவார்கள் என்று ஜெபமணி கேட்டார். புதிதாக வேலைக்குச் சேரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். ஏழாவது திங்கட்கிழமையும் போனார். எட்டாவதும் போனார். தேர்வு எழுதும் நாட்களில் எங்களை அனுப்பினார். படித்து முடித்ததும் மேற்படிப்புக்குப் போகாமல் சிங்காநல்லூரில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்தார், கேட்டுக்கு நடந்து போகும் தூரம் என்பதற்காக. மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் குழாய். ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் சேர்ந்தார்கள். இன்றைக்கு அந்த மில்லின் புளோரூமில் தூசி உறிஞ்சும் விசிறி ஓடுகிறது. பக்கத்து இரண்டு மில்களின் கேட்டிலும் எங்கள் தம்பிகள் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் உலகத்தையும் அவர் விடவில்லை. பஞ்சு விளையும், பஞ்சு நூற்கும் ஊர்களில் எல்லாம் மருத்துவ மாணவர்கள் இருப்பார்கள்தானே என்று சொல்லி, நீல நிற விமானத் தாளில் கடிதம் எழுதுவார். எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு மாணவி பதில் எழுதினாள். அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் மூச்சு முட்டுவது சனிக்கிழமை. ஜெபமணி அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு விடுதி முழுவதும் ஓடினார். அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் சொன்னார்.

"நாமதான் உலகம்னு பெருசா பேரு வச்சம் பிரியா. இவ்வளவுதான். அங்க சனிக்கெழமை, இங்க திங்கக்கெழமை. பஞ்சு ஒன்னுதான்."

அந்த மாடியும், காய்ந்த துணியின் வாசனையும், தூரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மில் சங்குகள் ஊதியதும், இந்த ஒரு வாரமாக எனக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்போது எங்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது. அது அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, அவருக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை கடும் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். மூளைக்காய்ச்சல். செய்தி கேட்டு எங்கள் குழுவில் எல்லோரும் வந்துவிட்டோம். அன்றைக்கு இரவு யாரும் வீடு திரும்பவில்லை. திங்கட்கிழமை காலையில் பணி மருத்துவர் வந்து, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். பெயர் கேட்டார், சொன்னார். ஊர் கேட்டார், சொன்னார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். ஜெபமணி கண்ணைத் திறந்து அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"திங்கக்கெழமை. கேட்டுக்கு யாரு போயிருக்கா?"

நாங்கள் பதினோரு பேர் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். எங்கள் குழுவில் இப்போது படிக்கும் மூன்று வருட மாணவர்களும் அங்கேதான் இருந்தார்கள். மணி ஏழேகால். ஷிப்ட் உள்ளே போயிருக்கும்.

நான் சொன்னேன், போயிருக்காங்க ஜெபா, நீ தூங்கு.

அவர் நம்பினார். தூங்கினார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. புதன்கிழமை காலை நம்மை விட்டுப் போனார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை நான் எழுதிய தவறான வாக்கியத்தின் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். இந்த வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போட அவர் இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது காளிச்சாமி அண்ணன் என் பக்கத்தில் நடந்து வந்தார். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லாமல், ஏதோ தகவல் சொல்வது போலச் சொன்னார்.

"திங்கக்கெழமை எல்லாருமா நின்னமுங்க. எனக்கு பேக்கிங்தான், ஊதோணும்னு இல்லைங்க. இருந்தாலும் நின்னன். சங்கு ஊதற வரைக்கும் பாத்துப்போட்டு உள்ள போயிட்டமுங்க. டாக்டரம்மா வராம இருக்க மாட்டாங்களேன்னு பேசிக்கிட்டமுங்க."

நண்பர்களே, தாய்மார்களே, ஜெபமணிக்கு ஒரு படம் திறக்கலாம். இந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரு அறைக்கு அவர் பெயரை வைக்கலாம். எல்லாம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அவர் நம்மிடம் கேட்டது அதையா? சாகும் தறுவாயில் ஒரு பெண் தன் தாயைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, தான் பிழைப்பேனா என்று கேட்கவில்லை. கேட்டுக்கு யார் போயிருக்கிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும், ஒருமுறை அல்ல, வாரா வாரம்.

இந்தப் பச்சை நோட்டு அவருடையது. இது ஏழாவது நோட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த திங்கட்கிழமைக்கான பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி எழுதி வைத்துவிடுவது அவருடைய வழக்கம். தலைவலியோடு இருந்த அந்தச் சனிக்கிழமையும் போட்டிருக்கிறார். கோடு கொஞ்சம் கோணலாகப் போயிருக்கிறது. தேதி இருக்கிறது, காலை என்றும் மாலை என்றும் எழுதியிருக்கிறது. கீழே ஒரு பெயரும் இல்லை. அந்தப் பக்கத்தை நான் நிரப்பப் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அதற்கு அடுத்த பக்கத்தில் நேற்றுச் சாயங்காலம் நானே கோடு போட்டேன். நாளைய தேதி எழுதியிருக்கிறேன். ஐந்து வருடமாக டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்து எண்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள் நான். யாரையும் நிறுத்தி ஊதச் சொன்னதில்லை. என் குரல் சின்னது. சங்குச் சத்தத்துக்கும் பஸ் சத்தத்துக்கும் நடுவில் நான் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காமல் போகலாம். அதனால் நாளைக்கு நீங்கள்தான் கொஞ்சம் கிட்டே வர வேண்டும். சாமியாத்தாள் அக்கா, அண்ணனை ஆறரைக்கே அனுப்பிவிடுங்கள். மாசாணம் அண்ணா, முதலில் நீங்கள்தான் ஊத வேண்டும்.

ஜெபா, கேட்டுக்கு யாரு போயிருக்கான்னு கேட்ட இல்ல? நாளைக்குத் திங்கக்கெழமை. நான் போறேன்.